வலது காதின் தையல்

என் காதுகளை நான் முதன்முதலில் முழுமையாகப் பார்த்தது பதினேழாவது வயதில், மதுரைக் கல்லூரி விடுதியின் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியில். கோம்பையில் எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அளவுதான். அதில் நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது; வாய் தெரிந்தால் காது தெரியாது. பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது போதும். விடுதிக் கண்ணாடியிலோ முகமும் அதன் இரு பக்கங்களும் ஒருங்கே தெரிந்தன. முகத்தை எனக்குத் தெரியும். பக்கங்களைத் தெரியாது.

நான் பிறந்த மூன்றாம் மாதம் காது குத்தி, நூல் கோத்து, புண் ஆறியதும் துளையில் பஞ்சை அடைத்து, பிறகு ஓலைச் சுருளை வைத்து, பிறகு ஈயக் குணுக்கை மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வேளாண் குடும்பங்களில் பெண் குழந்தைக்குக் காது வளர்ப்பது அப்போது சோறூட்டுவதைப் போல இயல்பான காரியம். குணுக்கின் கனத்தில் காதின் மடல் இறங்கி இறங்கித் தோளை எட்டியது. அதன் பிறகு தங்கத் தண்டட்டி. கல்லூரியில் சேர்ந்தபோது தண்டட்டியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கனம் போனதும் காது பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்று நம்பியிருந்தேன் போலும். அது ஏறவில்லை. மூன்று விரல்கள் நுழையக்கூடிய இரண்டு வெற்றுச் சதை வளையங்கள், நான் தலையை அசைத்தபோதெல்லாம் கழுத்தில் வந்து மோதின.

களையெடுக்கும் பெண்கள் குனியும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த வளையத்தை மேலே மடித்துக் காதின் மேல்விளிம்பில் மாட்டிக்கொள்வார்கள். நானும் அப்படியே மாட்டி, அதன்மேல் கூந்தலை இழுத்து மூடிக்கொண்டேன். இண்டர்மீடியட் படித்த இரண்டு ஆண்டுகளும் காலை முதல் மாலை வரை அப்படி இருந்ததில், இழுபட்ட மேல்காதும் வளைந்து தலையை விட்டு விலகி நின்றது. மறைக்கச் செய்த வழியே அதை மேலும் துருத்திக் காட்டியது.

இளங்கலை முதலாண்டில் ஒருநாள், பழம்பாடல் ஒன்றில் வரும் குழை என்னும் அணியை ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். குழை தாங்கி நீண்டு தாழ்ந்த காது அக்காலத்தில் பேரழகாகக் கருதப்பட்டது என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றார் என்றே நினைக்கிறேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெல்ல, "ஏன்டி, நம்ம வகுப்புலயே பாட்டுக்கு உரை உக்காந்திருக்கே" என்றாள். சிரிப்பில் கொடுமை ஒன்றும் இல்லை. நானும் சிரித்தேன். அன்று மாலையே சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி என்னைத் தனியே அழைத்துப்போய்த் தன் காது மடலைத் திருப்பிக் காட்டினாள். அவளுக்கும் என்னுடையதைப் போன்ற காதுகள்தாம் இருந்தனவாம். நீளத்தை அறுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். எறும்பு ஊர்ந்த தடம்போல ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு மேல் ஒரு சிறிய கல்தோடு.

"வலிச்சதா?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. பயந்தான் கொன்னுச்சு" என்றாள்.

அவள் சொன்னதில் இரண்டாவது வாக்கியம் மட்டுமே என்னுடன் விடுதி அறைக்கு வந்தது. எங்கள் தெருவில் காது அறுந்த பெண் ஒருத்தி இருந்தாள். ஏதோ சண்டையில் யாரோ பிடித்து இழுத்ததில் ஒரு காது வளையம் பாதியில் அறுந்து, இரண்டு வால்களாகத் தொங்கியது. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், நான் கேட்டதில்லை. அறுந்தகாதுக்காரி என்றுதான் சிறு பிள்ளைகள் முதல் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தையல் பிரிந்துபோனால் என் காது அவள் காதாகிவிடும் என்பதை நினைக்க நினைக்க, படிக்கும் பக்கத்தில் எழுத்து நிற்கவில்லை. ஆயினும் சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சொல்லிவிடுவதென்று முடிவுசெய்திருந்தேன்.

அம்மா முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூளிக்காதா நிக்கப் போறியா? கல்யாணம் ஆகாத பொண்ணு காதுல ஒண்ணுமில்லாம எம்புட்டு நாளு இருக்கணுமாம்?"

"மூணு மாசம். அப்பறம் புதுசா குத்தி, தோடு போட்டுக்கிறலாமாம்."

"மூணு மாசம்!" என்று அவள் தன் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் காதுகளில் தண்டட்டி ஆடியது.

அப்பா அப்போது காளைக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். கையைக் கழுவாமலேயே வந்து நின்று கேட்டார்.

"வேட்டை நாய்க்குத்தேன் காத நறுக்குவாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். மனுசிக்கு நறுக்குறாகளா?"

என் பதில்கள் எப்போதும் தாமதமாகவே வரும். அப்பாவுக்கு அது தெரியும். அவர் நெடுநேரம் நின்றார்.

"சரி. பட்டணத்துல படிக்க வச்சது நான். அதுக்குத் தக்கன இருக்கணும்னா இரு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நல்லபடியா வந்தா சரி. ஒரு காது கோணிக்கிட்டு வந்து நின்னாலும் படிப்பு அதோட சரி. படிச்ச பொண்ணுன்னாலே வர்றவன் யோசிக்கிறான். காதும் கெட்ட பொண்ணுன்னா வாசப்படி மிதிக்க மாட்டான். வீட்டோட இருந்துக்கிற வேண்டியதுதேன்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் மறுநாள் மாறியிருப்பார். நிதானமாகச் சொன்னதனால் அது முடிவாக நின்றது. ஆனியில் கல்லூரி திறக்கும்போது நான் திரும்பிப் போவதும் போகாததும் இனி என் காதுகளில் இருந்தது.

அது யுத்த காலம். போடி ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அம்மாவும் நானும் உத்தமபாளையம் வரை மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து கரி வாயுவில் ஓடும் பஸ்ஸைப் பிடித்தோம். பின்புறத்து உலையில் கரி கனன்றது. தேனியைத் தாண்டும்போதே புகையும் வியர்வையும் சேர்ந்து முகத்தில் படிந்திருந்தன. ஆண்டிபட்டிக் கணவாயில் அம்மா, "இப்பவும் திரும்பிறலாம்த்தா" என்றாள். எனக்கும் திரும்பிவிடத்தான் தோன்றியது. திரும்பலாம் என்று சொல்லும் அளவுக்குக்கூட என் வாய் திறக்கவில்லை. என் மௌனத்தை அவள் உறுதி என்று எடுத்துக்கொண்டாள்.

மதுரை மருத்துவமனையில் டாக்டரம்மா என் காதுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊதா மையால் ஒவ்வொன்றிலும் இரண்டு கோடுகள் போட்டார். எழுத்துப் பிழை திருத்துபவரின் கவனம் அவர் விரல்களில் இருந்தது. நர்ஸ் திருவிதாங்கூர்க்காரி. நான் நடுங்குவதைப் பார்த்து, "பேடிக்கண்டா மோளே" என்றாள். ஏலத் தோட்டத்தில் வேலை செய்த நாட்களில் அம்மா மலையாளம் கற்றிருந்தாள். "பயப்படாதங்கிறாக" என்று எனக்குச் சொல்லிவிட்டு, நர்ஸிடம் திரும்பி, "அறுத்தத என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"எரிச்சுக் களயும்."

"எரிக்கவா? எங்கிட்டக் குடுத்துருங்க. எம் பிள்ள சதைய நான் எங்கனயாச்சும் புதைச்சுக்கிறேன்."

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

மரப்பு ஊசி நான்கு முறை இறங்கியது. மருந்து ஏற ஏறக் காது என்னுடையதல்லாமல் ஆகிக்கொண்டே போயிற்று. ஆனால் அதற்குக் கேட்டது. சிவகாசிப் பெண் இதை எனக்குச் சொல்லவில்லை. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் என் சதையில் சந்திக்கும் ஒலி வெளியிலிருந்து வரவில்லை, மண்டைக்குள்ளிருந்தே எழுந்தது. வலி இருந்திருந்தால் அந்த ஒலியை மறைத்திருக்கும். வலியே இல்லாத இடத்தில் அந்த ஒலி மட்டும் தனியாக, தெளிவாக, அவசரமின்றி நடந்தது. பிறகு ஊசி நூலை இழுக்கும் சத்தம். ஒரு காதுக்கு ஐந்து தையல். நான் எண்ணினேன். எண்ணாமலிருந்தால் கத்தியிருப்பேன்.

வெளியே வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சுற்றிய வெள்ளைக் கட்டைத்தான் பார்த்தாள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். எட்டாம் நாள் வந்து தையலைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதுவரை கட்டை அவிழ்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, கையே வைக்கக் கூடாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நர்ஸ் கொடுத்த சிறு பொட்டலத்தை வாழையிலைச் சருகில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மதுரையில் எட்டு நாள் தங்க எங்களுக்கு இடமில்லை. அன்று பிற்பகலே திரும்பினோம். பஸ்ஸின் குலுக்கலிலோ, நான் ஒருக்களித்து உறங்கியதிலோ, வலப்பக்கத்துக் கட்டு நெகிழ்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மதியம் அது கழன்று கழுத்தில் விழுந்தது. திருப்பிக் கட்டுவதற்காக அம்மா என்னை மடியில் படுக்கவைத்துக்கொண்டாள். அதுவரையில் அவள் என் காதில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

"காதுல நூலு கோத்துல்ல வச்சிருக்காக" என்றாள். அவள் குரலில் அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தெளிவு வந்தது.

இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தினால் துளையில் கறுப்பு நூலைக் கோத்துவிடுவார்கள். நாள்தோறும் வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டு அந்த நூலை முன்னும் பின்னும் இழுத்து ஓட்டுவார்கள். ஓட்டாவிட்டால் சதை நூலைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் புண் சீழ்வைக்கும். காதில் நூல் இருந்தால் அதை ஓட்ட வேண்டும் என்பது அம்மாவின் விரல்கள் அறிந்த விஷயம். என் தங்கைக்கு அவள் அப்படித்தான் ஓட்டினாள். அப்போது குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டவள் நான்.

"நூலு ஒட்டிக்கிருச்சுத்தா. சதை கவ்விக்கிட்டு நிக்குது. இப்பிடியே விட்டா நாளைக்குச் சீ வைக்கும்."

"தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகம்மா."

"தண்ணி படக் கூடாதுன்னு சொன்னாக. எண்ண படக் கூடாதுன்னா சொன்னாக?"

கையே வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அந்தச் சொற்கள் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தன. நான் அவற்றைச் சொல்லவில்லை. இன்றுவரை அதற்கு நேர்மையான ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் மடி இதமாக இருந்தது. மூன்று நாட்களாக என்னைத் தொடவே அஞ்சிய கைகள் அப்போதுதான் அச்சமின்றி என்மேல் இருந்தன. நூல் சதைக்குள் ஓடுவதை உணர்ந்தேன். மெல்லிய எரிச்சல். "அடுத்த பக்கம் திரும்பு" என்றாள். அந்தப் பக்கத்துக் கட்டு இறுக்கமாக இருந்தது. "இது அவுரல, இருக்கட்டும்மா" என்றேன். அடுத்த நாளும் அவள் வலது காதில் நூலை ஓட்டினாள்.

ஐந்தாம் நாள் காலை எழுந்தபோது வலப்பக்கத் தலை முழுவதும் துடித்தது. கட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு ஈரம். அதன் நாற்றம் எனக்கே தெரிந்தது. அம்மா கட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, உடனே மூடினாள். அவள் முகத்திலிருந்து ஒன்றையும் நான் அறிந்துகொள்ளக் கூடாதென்று நினைத்தாள் போலும். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் எதுவும் அசையவில்லை.

இரண்டு பயங்கள் எனக்கு அப்போது. காது அழுகிவிடும் என்பது ஒன்று. அப்பா பார்த்துவிடுவார் என்பது மற்றொன்று. எது பெரியது என்று கேட்டால், அன்று காலை இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு வந்தது. தலையோடு சேலையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று பார்த்துத்தான் அத்தை, அப்பாவின் தங்கை, பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னத்தா, முக்காடெல்லாம் போட்டுருக்க? காத மதுரையிலயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று வாசலிலிருந்தே சிரித்தாள். "இனிமே தண்டட்டிய எங்கன மாட்டுவ? மூக்குலயா?"

"சும்மா இருத்தா. புள்ள அசந்து இருக்கா" என்றாள் அம்மா.

"அசரத்தானே செய்யும். எங்க காட்டு, பாப்போம். எம்புட்டு மிச்சம் வச்சுருக்காகன்னு பாப்போம்."

அவள் கை என் முக்காட்டை நோக்கி நீண்டது. அம்மா இடையில் வந்து அந்தக் கையைப் பிடித்தாள், வேகமாகவே பிடித்தாள். அத்தையின் சிரிப்பு நின்றது. "என்ன மதினி, நான் என்ன கொள்ளிக்கண்ணா போடப் போறேன்?" என்று பலகாரத்தை வைத்துவிட்டுப் போனாள். வழியில் அப்பாவிடம் என்ன சொன்னாளோ, மாலையில் அவர் உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

"ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"ஏன் நடுங்குற?"

"தண்ணி மாத்தம்" என்று அம்மா எனக்குப் பதிலாகச் சொன்னாள். "நாளைக்கே தையலப் பிரிக்க வரச்சொல்லியிருக்காக. விடிஞ்சதும் கெளம்பணும்."

எட்டாம் நாள் என்பது அப்பாவுக்கும் தெரியும். அவர் விரல்விட்டு எண்ணுவதை நான் பார்த்தேன். ஏனோ கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏற மறுத்து நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். டிரைவர் உலையைக் கிளறிக் கரியைக் கொட்டிக்கொண்டிருந்தார். வெயில் காதுக்குள் இறங்கியது. காய்ச்சலில் எனக்கு மீண்டும் கத்தரிக்கோலின் ஒலி கேட்கத் தொடங்கியது. இரத்தம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு அலகுகள் சந்தித்தன. ஒரு காதோடு போகுமா, தலைக்கு ஏறுமா என்று கேட்க நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அவள் சாலையோரக் கல்லில் அமர்ந்து தன் வலது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிக்கொண்டுமிருந்தாள். என் கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்ததும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதைத் தொட்டது யார்?" என்றார் டாக்டரம்மா. உரக்கக்கூடக் கேட்கவில்லை.

"நான்தான்" என்றேன். "அரிச்சது. தூக்கத்தில்."

"பொய் சொல்றா. நான்தேன்" என்றாள் அம்மா. "நூலு இருந்துச்சு. எண்ணயத் தொட்டு ஓட்டுனேன். ரெண்டு நாளு. ஓட்டலன்னா சீ வைக்கும்னு ஓட்டுனேன்."

டாக்டரம்மா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் அம்மாவின் காதுகளையும், அவற்றில் ஆடிய தண்டட்டியையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "இந்த நூல் வழிவிடுவதற்கு இல்லையம்மா. சேர்த்துப் பிடிப்பதற்கு. அசைந்தால் பிடி போய்விடும்" என்றார். இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வலது காதில் ஐந்து தையல்களும் அன்றே எடுக்கப்பட்டன. மரப்பு ஊசி இல்லை. வீங்கிய சதையில் அது ஏறாது என்றார்கள். சீழை வடித்து, வெள்ளைப் பொடி தூவி, மாத்திரைகள் கொடுத்து, மருத்துவமனையிலேயே இருக்கச் செய்தார்கள். அம்மா என் கட்டிலுக்குக் கீழே தரையில் அமர்ந்திருந்தாள். சோறு ஊட்டுவதும் நர்ஸிடம் கேட்டுக்கொண்டுதான். ஊர்க்காரர் ஒருவர் மூலம், தையல் ஆற நாளாகும் என்று மட்டும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. இடது காது அழகாக ஒட்டியிருந்தது. சிறிய, வட்டமான, வேறு யாருடையதோ போன்ற மடல். வலது காது கீழ்ப்பக்கம் பிளந்தே ஆறத் தொடங்கியிருந்தது. ஆறு மாதம் போகட்டும். சதை மென்மையானதும் மறுபடி தைக்கலாம் என்றார் டாக்டரம்மா. மறுபடி சரியாக வருமா என்று கேட்டேன். "வரும் என்றுதான் நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறேன் என்ற சொல்லை நான் பற்றிக்கொண்டேன்; அது என்னைத் தாங்குவதாக இல்லை.

ஊருக்கு வந்த அன்று மாட்டுத் தொழுவத்தின் பக்கமிருந்து அப்பா கூப்பிட்டார்.

"இங்கன வா. கட்ட எடு."

எடுத்தேன். அவர் முதலில் இடது காதைப் பார்த்தார். பிறகு என்னைச் சுற்றிவந்து வலது காதைப் பார்த்தார். எங்கள் தெருவில் இருந்த அந்தப் பெண்ணின் நினைவு அவருக்கும் வந்திருக்கும். நான் தரையில் கிடந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அம்மா பின்னாலேயே வந்துவிட்டிருந்தாள்.

"அதக் கெடுத்தது நான்" என்றாள்.

"நீயா?"

"காது குத்துன நூலுன்னு ஓட்டிப்புட்டேன்."

"ஒனக்கு ஓட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. கை அதாப் போச்சு." அம்மா சேலை முனையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்ன சொல்லு அவளுக்கு. தப்பு என்னுது. படிப்ப நிறுத்தணும்னா எம் படிப்ப நிறுத்துங்க."

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் அப்பா சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. தும்புக் கயிற்றைச் சரிபார்த்தார், காளையின் முதுகைத் தட்டினார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் அம்மாவுடன் பேசவில்லை. அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். தண்ணீரைத் தானே மொண்டுகொண்டார். எட்டாம் நாள் என்னைப் பார்த்து, "காலேசு என்னைக்குத் தொறக்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான். மன்னித்தாரா, தளர்ந்தாரா, என் வலது காதைத் தினமும் பார்க்காமலிருந்தால் போதும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

ஆனியில் கல்லூரிக்கு வந்தேன். வலப்பக்கத்தில் கூந்தலை இறக்கிக் கட்டினேன். யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்யாததே எனக்கு அச்சமாக இருந்தது. படிக்கும்போது என் விரல் தானாகவே அந்தப் பிளவுக்குப் போய், இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடிக்கும். விட்டால் விலகும். இதைப் பல நூறு முறை செய்திருப்பேன்.

மார்கழியில் மறுபடி தைப்பதாக முடிவாயிற்று. அம்மாவை வரச்சொல்லி எழுதினேன். அப்பா கையெழுத்தில் பதில் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருந்தார்: தான் வரவில்லை, தன் கை பட்ட காரியம் போதும், நர்ஸம்மா நல்ல மாதிரி, பார்த்துக்கொள்வாக, அறுத்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்தத் தடவை அவர்களே எரித்துக்கொள்ளட்டும். நான் மறுபடி எழுதினேன். நீ வராவிட்டால் தைக்க வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உண்மையிலேயே தனியாக அந்த அறைக்குள் என்னால் போக முடிந்திராது.

வந்தாள். மருத்துவமனை நடையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, இரு கைகளையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். என் தலையைத் தடவவில்லை. வழியில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையசைத்தாள்.

கதவைத் திறந்த டாக்டரம்மா, "இந்தத் தடவை அம்மாவும் உள்ளே வரட்டும். நூல் என்ன செய்கிறதென்று பார்க்கட்டும்" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "நான் எதுக்கு? நான் வேணாம் தாயி."

"ஒரு காதுதான். நர்ஸுக்கு வேறு வேலை இருக்கிறது. கூந்தல் மேலே விழாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்."

"எங்க அம்மா பிடிப்பாக" என்றேன்.

நர்ஸ் அவள் கைகளை முழங்கை வரை கழுவிவிட்டாள். சோப்பு நுரையை அம்மா வெறித்துப் பார்த்தாள். நான் இடப்புறமாகச் சாய்ந்து படுத்தேன். அவள் என் கூந்தலை அள்ளி, நெற்றிக்கு மேலே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் நடுங்கின. ஒவ்வொரு நடுக்கமும் மயிர்க்கால்கள் வழியே எனக்குத் தெரிந்தது. என்னுடைய நடுக்கமும் அவளுக்குத் தெரிந்திருக்கும். சரியாக வராமல் போகலாம்; இரண்டாம் முறையும் பிரியலாம். டாக்டரம்மா ஊதா மையால் கோடு போட்டார்.

"இறுக்கிப் பிடிம்மா" என்றேன்.

"பிடிச்சுக்கிட்டுத்தேன் இருக்கேன்" என்றாள். ஊசி இறங்கியது.